ஒட்டுத் தையல் உரைத்த சாட்சியம்

1935ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் மொஃபட் என்னும் சிற்றூருக்கு வந்திருந்த ஒரு பெண்மணி, எடின்பரோ நகருக்குச் செல்லும் சாலையில் காலாற நடந்துகொண்டிருந்தார். ஊரிலிருந்து ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில், கார்டன்ஹோம் லின் என்னும் ஓடையின் குறுக்கே ஒரு பாலம் உண்டு. அதன் கைப்பிடிச் சுவரருகே நின்று கீழே எட்டிப் பார்த்தவர் திடுக்கிட்டுப் போனார். பள்ளத்தில், பாறைகளுக்கிடையே கிடந்த ஒரு மூட்டையிலிருந்து மனிதக் கை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

காவலர்கள் விரைந்து வந்தனர். ஓடையின் இரு கரைகளிலும் புதர்களிலும் தேடினர். தலையணை உறையிலும், பழைய ஆடைகளிலும், செய்தித்தாள்களிலும் பொதிந்து கட்டப்பட்ட மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. அடுத்து வந்த வாரங்களில் சற்றுத் தொலைவான இடங்களிலும் சில பகுதிகள் கண்டெடுக்கப்பட்டன. எல்லாம் சேர்ந்து 70 துண்டுகள். தலைகள் இரண்டு, ஆனால் மார்பும் வயிறும் சேர்ந்த நடுவுடல் ஒன்றே. மற்றொன்று இறுதிவரை அகப்படவேயில்லை.

இறந்தவர்கள் யார்? ஆணா, பெண்ணா? எந்த ஊரார்? எப்போது இறந்தனர்? எவ்வாறு இறந்தனர்? இவற்றுள் ஒரு கேள்விக்கும் அன்று விடை இல்லை. கொலையாளி முகங்களைச் சிதைத்திருந்தான்; ஒரு சடலத்தின் விரல் நுனிகளை வெட்டி அகற்றியிருந்தான்; அடையாளம் காட்டக்கூடியவை எனத் தான் அறிந்த அனைத்தையும் அழித்திருந்தான். அந்தக் கொடுமையை இதற்குமேல் விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் அழிக்கத் தவறியவை எவை, அவற்றைக் கொண்டு அறிஞர்கள் எவ்வாறு உண்மையை மீட்டனர் என்பதை நம் இல்லங்களில் உள்ளோர் அறிந்துகொள்வது பயனுள்ளது. ஏனெனில் இந்த வழக்கில் பேராசிரியர்களோடு சமமாக நின்று சாட்சியம் அளித்தவர்களுள், ஊசியும் நூலும் பிடித்த எளிய பெண்கள் இருவரும் உண்டு.

காணாமற்போன இரு பெண்கள்

மொஃபட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய நூறு மைல் தொலைவில், இங்கிலாந்தில், லங்காஸ்டர் என்னும் நகரம் உள்ளது. அங்கே டால்டன் சதுக்கத்தில் 2ஆம் எண் இல்லத்தில் மருத்துவர் பக் ரக்ஸ்டன் வாழ்ந்துவந்தார். அவருடைய இயற்பெயர் புக்தியார் ருஸ்தம்ஜி ஹக்கீம். 1899இல் பிறந்தவர், இன்று மும்பை எனப்படும் பம்பாயைச் சேர்ந்த பார்சி இனத்தவர். பம்பாயில் மருத்துவம் பயின்று, பிரிட்டன் சென்று, தம் பெயரை மாற்றிக்கொண்டு, 1930 முதல் லங்காஸ்டரில் தொழில் நடத்தினார். ஏழை நோயாளிகளிடம் கட்டணம் வாங்காமலும் சிகிச்சை அளித்ததால் ஊரில் அவருக்கு நற்பெயர் இருந்தது.

வெளியே நற்பெயர், வீட்டுக்குள் நிலைமை வேறு. அவருடன் மனைவியாக வாழ்ந்த இசபெல்லா என்னும் ஸ்காட்லாந்துப் பெண்மணிக்கு வயது 34. மூன்று குழந்தைகள். இசபெல்லாமீது ரக்ஸ்டனுக்குத் தீராத சந்தேகம். யாரோடு பேசினாலும் ஐயம், எங்கே சென்றாலும் ஐயம். சச்சரவும் அச்சுறுத்தலும் அன்றாட வழக்கமாயின. ஒருமுறைக்கு மேலாகக் காவல்துறையிடம் முறையீடும் சென்றது. ஒவ்வொரு முறையும் சமாதானம் பேசப்பட்டு, அவர் அதே வீட்டுக்குத் திரும்பினார்.

குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள அந்த இல்லத்தில் மேரி ரோஜர்சன் என்னும் 20 வயதுப் பெண் வேலை பார்த்துவந்தாள். அருகிலுள்ள மோர்கம் என்னும் கடற்கரை ஊரைச் சேர்ந்த எளிய குடும்பத்துப் பெண். ஓய்வு நாட்களில் தவறாது பெற்றோரைக் காண வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளுடைய ஒரு கண்ணில் சற்று மாறுகண் இருந்தது. முன்கையில் ஒரு பிறவி மச்சம் இருந்தது.

செப்டம்பர் 14ஆம் நாள், சனிக்கிழமை. பிளாக்பூல் நகரில் நடைபெற்ற மின்விளக்கு அலங்காரத்தைத் தம் சகோதரிகளுடன் கண்டு களித்த இசபெல்லா, நள்ளிரவு நெருங்கும் வேளையில் காரில் ஏறி லங்காஸ்டருக்குப் புறப்பட்டார். அதன்பின் அவரை உயிரோடு கண்டவர் இல்லை. மேரியையும் காணவில்லை.

மறுநாள் ஞாயிறு காலையில், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் இல்லத்துக்கே ரக்ஸ்டன் சென்று, அன்று வேலைக்கு வர வேண்டாம் எனக் கூறினார். மனைவியும் மேரியும் எடின்பரோவுக்குச் சென்றிருப்பதாகச் சொன்னார். அவர் கையில் ஆழமான வெட்டுக்காயம். பழ டப்பாவைத் திறக்கும்போது வெட்டிவிட்டது என்றார். அன்று மாலை, தம்மிடம் சிகிச்சை பெற்றுவந்த ஒரு பெண்மணியை அழைத்து, மாடிப்படிகளையும் குளியல் தொட்டியையும் கழுவித் தருமாறு கேட்டார். கறைபடிந்த கம்பளங்களையும் தம் உடுப்பு ஒன்றையும் அவருக்கே கொடுத்துவிட்டார். அந்தக் கம்பளத்தின்மீது எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் சிவப்பாகவே வழிந்தது எனப் பின்னர் நீதிமன்றத்தில் அவர் கூறினார்.

நாட்கள் சென்றன. மேரி வீட்டுக்கு வரவில்லை, கடிதமும் இல்லை. பெற்றோர் கவலையுற்று விசாரித்தபோது ரக்ஸ்டன் கூறிய விடை, கொலையைவிடக் குறைந்த கொடுமையன்று. உங்கள் மகள் யாரோ ஒரு இளைஞனால் கருவுற்றிருக்கிறாள். அதற்கு வழிசெய்யவே என் மனைவி அவளை இரகசியமாக அழைத்துச் சென்றிருக்கிறாள் என்று அவர் சொன்னார். மானத்துக்கு அஞ்சி பெற்றோர் வாய்மூடிக்கொள்வர் என்பது அவர் போட்ட கணக்கு. மேரியின் உயிரைப் பறித்த பின், அவளுடைய பெயரையும் அவர் பறிக்க முயன்றார்.

அந்தக் கணக்கு பொய்த்தது. பெற்றோர் அந்தக் கதையை ஏற்கவில்லை. தங்கள் மகளைத் தாங்கள் அறிவோம் என்ற உறுதியுடன் காவல்துறையிடம் சென்று, அவளைக் காணவில்லை என முறையிட்டனர்.

நாளேடு காட்டிய திசை

இதற்கிடையில் மொஃபட்டில் கிடைத்தவை எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜான் கிளெய்ஸ்டர், எடின்பரோவின் உடற்கூறுப் பேராசிரியர் ஜேம்ஸ் பிராஷ், சட்ட மருத்துவப் பேராசிரியர் சிட்னி ஸ்மித், நோய்க்கூற்றியல் வல்லுநர் ஒருவர், பல் மருத்துவ வல்லுநர் ஒருவர் என அக்காலத்தின் தலைசிறந்த அறிஞர்கள் ஒன்றுகூடினர். ஒரு மரணத்தைப் பற்றி ஒரு மருத்துவர் மட்டும் கருத்துரைப்பதே வழக்கமாயிருந்த நாளில், பல துறையினரும் ஒரே மேசையைச் சுற்றி நின்று, ஒருவர் முடிவை மற்றவர் சோதித்து, குழுவாகப் பணியாற்றியது இந்த வழக்கின் பெருஞ்சிறப்பாகும்.

காவல்துறைக்கு முதல் வழிகாட்டி, மூட்டையைச் சுற்றியிருந்த செய்தித்தாளே. அது செப்டம்பர் 15ஆம் நாளைய 'சண்டே கிராஃபிக்' இதழின் ஒரு தாள். அதில் மோர்கம் திருவிழாவில் முடிசூட்டப்பட்ட அழகியைப் பற்றிய படமும் செய்தியும் இருந்தன. நாடு முழுவதும் விற்கப்பட்ட பதிப்பில் அந்தச் செய்தி இல்லை. மோர்கம், லங்காஸ்டர் வட்டாரத்துக்கென மட்டும் தனியாக அச்சிடப்பட்ட சிறப்புப் பதிப்பு அது. மூட்டை கிடைத்தது ஸ்காட்லாந்தில். அதைக் கட்டிய தாளோ நூறு மைல் அப்பாலுள்ள ஒரு சிறு வட்டாரத்துக்கு உரியது. அந்த வாரம் ரக்ஸ்டன் இல்லத்துக்கும் அதே பதிப்பு வழங்கப்பட்டது என்பதைப் பத்திரிகை முகவர் உறுதிசெய்தார்.

அதே நாட்களில் மேரி காணாமற்போன செய்தி ஒரு ஸ்காட்லாந்து நாளேட்டில் வெளியாக, அது மொஃபட் வட்டாரக் காவல்துறைத் தலைவரின் பார்வையில் பட்டது. இரண்டு நூல்களும் ஒன்றாகப் பின்னின.

ஒட்டும் முடிச்சும் கரையும்

காவலர்கள் ஓடையில் கிடைத்த ஆடைகளை எடுத்துக்கொண்டு மேரியின் வீட்டுக்குச் சென்றனர். அவற்றுள் ஒரு பெண்ணின் மேற்சட்டையும் இருந்தது. அதன் அக்குள் பகுதியில் ஓர் ஒட்டு. மேரியை வளர்த்தவர் அவளுடைய தந்தையின் இரண்டாம் மனைவி. மாற்றாந்தாய் என்றதும் நம் மனத்தில் எழும் எண்ணம் வேறு. ஆனால் அந்தத் தாய் சட்டையைக் கையில் வாங்கியதும் உட்புறத்தைத் திருப்பி, ஒட்டைப் பார்த்தார். அது அவர் கையால் தைத்த ஒட்டு. மலிவு விற்பனையில் வாங்கிய பழைய சட்டை. அக்குளில் கிழிசல் இருந்ததால் ஒட்டுப் போட்டு மேரிக்குக் கொடுத்திருந்தார். தம் தையலைத் தாமே அறியாதவர் உண்டா?

மற்றொரு மூட்டையில் ஒரு குழந்தையின் ஆடை இருந்தது. ரக்ஸ்டனின் குழந்தைகளுடன் மேரி அந்த ஆண்டு கோடையில் கிரேஞ்ச் என்னும் கடற்கரை ஊரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தாள். அவ்விடுதியை நடத்திய பெண்மணி, தம் வீட்டுக் குழந்தை அணிந்த ஆடையொன்றை அவர்களுக்குக் கொடுத்திருந்தார். அதை அவரிடம் காட்டியபோது, இடுப்பு நாடாவில் தாம் போட்ட முடிச்சைக் கண்டு, இது நான் கொடுத்ததே என்றார்.

மூன்றாவது சாட்சி ஒரு படுக்கை விரிப்பு. மூட்டைகளுள் ஒன்றைச் சுற்றியிருந்த பருத்தித் துணியையும், இசபெல்லாவின் படுக்கையிலிருந்த விரிப்பையும் மான்செஸ்டரின் நெசவு வல்லுநர் ஒருவர் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இரண்டின் கரையிலும் ஒரே விதமான நெசவுப் பிழை இருந்தது. தறியில் பாவு நூலில் நேர்ந்த குறை, அந்தத் தறியில் அந்நேரத்தில் நெய்த துணிகளில் மட்டுமே வரும். ஆகவே அவ்விரண்டும் ஒரே தறியிலிருந்து வந்தவை என்பது அவருடைய முடிவு. நெசவும் துணி வாணிகமும் அறிந்த குடும்பங்களுக்கு இதன் வலிமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கொலையாளி மருத்துவம் கற்றவன். எந்தத் தழும்பு அடையாளம் காட்டும், எந்த விரல் காட்டிக்கொடுக்கும் என்பதை அவன் நன்கு அறிந்திருந்தான். ஆனால் ஓர் ஏழைத் தாயின் ஒட்டுத் தையலும், ஒரு விடுதிக்காரப் பெண்மணியின் முடிச்சும், ஒரு தறியின் பிழையும் பேசும் என்பது அவன் கற்ற நூல்களில் இல்லை.

எலும்புகள் கூறியவை

ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர்களின் முன்னிருந்த முதற்பணி, 70 துண்டுகளையும் இரண்டு உடல்களாகப் பிரிப்பது. தொடக்கத்தில், இறந்தவர்களுள் ஒருவர் ஆண் எனச் செய்தி பரவியிருந்தது. முறையான ஆய்வு அந்தத் தவற்றை நீக்கியது. இருவரும் பெண்களே. கழுத்து முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கொண்டும், ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டும் எந்தத் தலை எந்த உடலுக்கு உரியது என முடிவுசெய்தனர்.

அடுத்து வயது. நம் நீள எலும்புகளின் முனைகள் இளமையில் தனித்திருந்து, வளர்ச்சி முடியும் பருவத்தில் தண்டுடன் இணைகின்றன. மண்டையோட்டின் பொருத்துகள் வயது ஏற ஏற மூடுகின்றன. கடைவாயில் ஞானப்பல் முளைப்பதும் ஒரு கணக்கு. இவற்றைக் கொண்டு, ஒருவர் 18 முதல் 25 வயதுக்குட்பட்டவர், மற்றவர் 35 முதல் 45 வயதுக்குட்பட்டவர் எனக் கூறினர். மேரிக்கு 20, இசபெல்லாவுக்கு 34. பெயர் தெரியாத எலும்புகளிடமிருந்து பெற்ற விடை எவ்வளவு அருகில் வந்துள்ளது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி ஒரு நுட்பமான செய்தி. காணாமற்போன இருவருக்கும் இருந்த தனி அடையாளங்களைக் காவல்துறை திரட்டித் தந்தது. அந்தப் பட்டியலை உடல்களோடு ஒப்பிட்ட அறிஞர்கள் வியப்படைந்தனர். மேரியின் மாறுகண் பட்டியலில் உண்டு. இளைய சடலத்தில் கண்கள் அகற்றப்பட்டிருந்தன. அவளுடைய முன்கையில் மச்சம் உண்டு. அந்த இடத்தில் தோல் நீக்கப்பட்டிருந்தது. இசபெல்லாவின் கால்விரல் மூட்டில் ஒரு புடைப்பு உண்டு. மூத்த சடலத்தில் அந்த இடத்தில் தசை வெட்டப்பட்டிருந்தது. அவருடைய கணுக்கால்கள் பருத்தவை. அங்கும் தசை இல்லை. எந்தெந்த அடையாளத்தை அழித்தால் ஆள் தெரியாதோ, அந்தந்த அடையாளமே அழிக்கப்பட்டிருந்தது. இவ்விரு பெண்களையும் நன்கு அறிந்த ஒருவனன்றி வேறெவனுக்கு இத்தனை துல்லியமாக அழிக்கத் தோன்றும்? மறைத்த இடங்களே சுட்டுவிரல்களாக மாறின.

மூட்டுகளைப் பிரித்த முறையிலும் ஒரு குறிப்பு இருந்தது. வாள் எதுவும் பயன்படுத்தப்படவில்லை; கத்தியைக் கொண்டே மூட்டுகள் பிரிக்கப்பட்டிருந்தன. மனித உடலமைப்பைக் கற்றவரின் கைவேலை அது என்பது அறிஞர்களின் கருத்து. மூத்த பெண்ணின் தொண்டையிலுள்ள சிறு எலும்பு முறிந்திருந்தது. கழுத்து நெரிக்கப்பட்டதற்கு அது சான்றாயிற்று.

மேரியின் விரல்களை வெட்ட அவனுக்கு நேரமில்லையோ, நினைவில்லையோ, அவை எஞ்சியிருந்தன. கிளாஸ்கோ காவல்துறையின் கைரேகை வல்லுநர் அவற்றிலிருந்து பதிவெடுத்தார். மேற்றோல் உரிந்துபோன கையிலும்கூட, அதன் அடியிலுள்ள தோலில் அதே ரேகை இருக்கும் என்பதை அறிந்து அதையும் பதிவுசெய்தார். டால்டன் சதுக்க இல்லத்தில் மேரி அன்றாடம் துடைத்து வைத்த கண்ணாடிப் பொருள்களிலும் தட்டுமுட்டுச் சாமான்களிலும் அவளுடைய விரல்பதிவுகள் இருந்தன. இரண்டும் ஒன்றாயின.

இரு சடலங்களின் இடது பாதங்களுக்கும் அச்செடுத்து, இரு பெண்களின் காலணிகளில் பொருத்திப் பார்த்தனர். ஒவ்வொன்றும் தனக்குரிய காலணியில் சரியாகப் பொருந்தியது, மற்றதில் பொருந்தவில்லை.

புழுவும் நிழற்படமும்

எப்போது இறந்தனர் என்ற வினாவுக்கு விடை, எவரும் அருவருத்து ஒதுக்கும் ஓர் உயிரிடமிருந்து வந்தது. சடலங்களிலிருந்த புழுக்களைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் மேர்ன்ஸ் ஆராய்ந்தார். அவை நீலநிற ஈ ஒன்றின் புழுக்கள். முட்டையிலிருந்து வெளிவந்து அந்த அளவு வளர்வதற்கு எத்தனை நாட்கள் ஆகும் என்பதை அறிந்தால், ஈ எப்போது முட்டையிட்டது என்பதைக் கணக்கிடலாம். 12 முதல் 14 நாட்கள் என்றார் அவர். செப்டம்பர் 29இலிருந்து 14 நாட்கள் பின்னே சென்றால் 15ஆம் நாள் வருகிறது. பூச்சிகளைக் கொண்டு இறந்த காலத்தைக் கணிக்கும் துறைக்கு இந்த வழக்கு ஒரு முன்னோடியாகப் போற்றப்படுகிறது.

ஓடையும் தன் பங்குக்கு ஒன்று கூறியது. செப்டம்பர் மாத நடுவில் பெய்த பெருமழையில் அது கரைபுரண்டு ஓடியிருந்தது. வெள்ளம் வடிந்தபின் எட்டமுடியாத உயரத்திலும் சில பகுதிகள் கிடந்தன. ஆகவே அவை வெள்ளத்துக்கு முன்பே வீசப்பட்டிருக்க வேண்டும். செப்டம்பர் 17ஆம் நாள் கெண்டல் என்னும் ஊரில், வடதிசையிலிருந்து விரைந்து வந்த ஒரு கார் மிதிவண்டிக்காரர் ஒருவரைத் தள்ளிவிட்டு நிற்காமல் சென்றது. அவர் எண்ணைக் குறித்துக்கொண்டார். அது ரக்ஸ்டனின் கார்.

இந்த வழக்கின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்ற ஆய்வு மற்றொன்று. இசபெல்லா மணிமுடி போன்ற அணியும் விருந்து உடையும் அணிந்து எடுத்துக்கொண்ட ஒரு நிழற்படம் இருந்தது. அந்த அணியையும் உடையையும் தேடிப்பிடித்து, அவற்றின் உண்மை அளவைக் கொண்டு, படத்தை முகத்தின் இயல்பான அளவுக்குப் பெரிதாக்கினார் பேராசிரியர் பிராஷ். பின்னர் மண்டையோட்டை அதே கோணத்தில் வைத்துப் படமெடுத்து, ஒன்றின்மீது ஒன்றைப் படியவைத்தார். நெற்றி, கண்குழி, மூக்கு, தாடை என அனைத்தும் பொருந்தின. மேரியின் படங்களையும் இளைய மண்டையோட்டையும் அவ்வாறே ஒப்பிட்டார்.

இங்கே அந்த அறிஞரின் நேர்மையை நாம் கவனிக்க வேண்டும். படம் பொருந்தியதால் மட்டும் இது இன்னார் என அவர் அறுதியிட்டுக் கூறவில்லை. இந்த மண்டையோடு இவருடையதாக இருக்கலாம். மற்றவருடையதாக இருக்க முடியாது என்ற அளவோடு நின்றார். தம் அறிவின் எல்லையை அறிந்து அதற்குள் நின்று பேசியதாலேயே அவருடைய சொல்லுக்கு நீதிமன்றத்தில் எடை கூடியது.

டால்டன் சதுக்க இல்லத்தையும் பேராசிரியர் கிளெய்ஸ்டர் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். மாடிப்படியிலும் குளியலறையிலும் இரத்தக் கறைகள் இருந்தன. கை வெட்டுக்காயத்திலிருந்து வழிந்த இரத்தம் என ரக்ஸ்டன் கூறிய விளக்கத்துக்கு, கறைகள் இருந்த இடங்களும் அளவும் இடம்தரவில்லை.

தீர்ப்பு

1935 அக்டோபர் 13ஆம் நாள் காலை ரக்ஸ்டன் கைதுசெய்யப்பட்டு, மேரியைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டார். பின்னர் இசபெல்லாவைக் கொன்ற குற்றச்சாட்டும் சேர்ந்தது. 1936 மார்ச் 2ஆம் நாள் மான்செஸ்டரில் நீதிபதி சிங்கிள்டன் முன்னிலையில் விசாரணை தொடங்கிப் பதினொரு நாட்கள் நடைபெற்றது. அக்காலத்தின் புகழ்பெற்ற வழக்குரைஞர் நார்மன் பிர்க்கெட் ரக்ஸ்டனுக்காக வாதாடினார். எதிர்த்தரப்பில் சாட்சிகள் வரிசையாக வந்தனர். ரக்ஸ்டன் தரப்பில் சாட்சி சொன்னவர் ரக்ஸ்டன் ஒருவரே.

மார்ச் 13ஆம் நாள் நடுவர் குழுவினர் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தனர். மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. தம்மை நேசித்த ஊர்மக்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டுக் கருணை வேண்டிய விண்ணப்பமும் பயன்தரவில்லை. 1936 மே 12ஆம் நாள் மான்செஸ்டர் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் அவர் கைப்பட எழுதிய ஒப்புதல் ஒன்று செய்தித்தாளில் வெளியாயிற்று. ஆத்திரத்தில் இசபெல்லாவைக் கொன்றதாகவும், அப்போது மேரி அங்கே வந்துவிட்டதால் அவளையும் கொல்ல நேர்ந்ததாகவும் அதில் கண்டிருந்தது. சாட்சியாகிவிட்டாள் என்பதைத் தவிர மேரி செய்த குற்றம் எதுவுமில்லை.

ஒரு செய்தியை இங்கே குறிப்பிட வேண்டும். விசாரணை நடைபெற்றது இசபெல்லாவின் கொலைக்காக மட்டுமே. மேரியின் கொலைக்கெனத் தனியாகத் தீர்ப்பு எதுவும் எழுதப்படவில்லை. அந்தப் பணிப்பெண்ணுக்குக் கிடைத்த தீர்ப்பு, அவள் ஓடிப்போகவில்லை, மறைவாக எங்கும் அழைத்துச் செல்லப்படவில்லை, வேலை செய்த வீட்டிலேயே அநியாயமாக மாண்டாள் என்ற உண்மை ஒன்றே. பெற்றோருக்கு அது சிறிதன்று.

நாம் எண்ண வேண்டியவை

கிளெய்ஸ்டரும் பிராஷும் இந்த ஆய்வை 1937இல் ஒரு நூலாக வெளியிட்டனர். தடயவியல் பயில்வோர் இன்றும் அதனை மதிக்கின்றனர். 1984இல் பிரிட்டனின் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்த மரபணு ரேகை முறை வந்தபின், ஒரு துளி இரத்தமோ ஒரு பல்லோ கொண்டு ஆளை அறிய முடிகிறது. நிழற்படத்தையும் மண்டையோட்டையும் பொருத்திப் பார்க்கும் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. எனினும், எதையும் ஊகத்தால் முடிவுகட்டாமல், ஒவ்வொரு சான்றையும் மற்றொன்றால் சோதித்து, குழுவாக நின்று உண்மையைத் தேடும் அந்த முறைக்கு மூப்பில்லை.

குடும்பங்களுக்கும் இதில் செய்தி உண்டு. ஐயத்துக்குரிய மரணம் நேரும்போது, அன்புக்குரியவரின் உடலைப் பரிசோதனைக்கு ஒப்படைக்க எவருக்கும் மனம் ஒப்புவதில்லை. அது இயல்பே. ஆனால் அந்த மேசையைச் சுற்றி நிற்போர் இறந்தவருக்கு எதிரானவர்கள் அல்லர். இறந்தவருக்காகப் பேசவல்ல கடைசி மனிதர்கள் அவர்களே. அவர்களுக்கு உதவக்கூடிய செய்திகள் பல, வீட்டாரிடமே உள்ளன. பழைய தழும்பு, கட்டிய பல், உடுத்திய உடை, தைத்த தையல் எதுவும் அற்பமன்று. அறையைக் கழுவுவதும் துணிகளைத் துவைப்பதும் பொருள்களை ஒழுங்குபடுத்துவதும், நல்லெண்ணத்தோடு செய்தாலும், சாட்சியின் வாயை அடைப்பதற்கு ஒப்பாகும்.

இசபெல்லாவின் கதையோ வேறொன்றை வேண்டுகிறது. அந்த வீட்டில் ஆபத்து இருந்ததை அறிந்தோர் பலர். ஒரு பெண் தன் வீட்டில் தனக்கு அச்சமாயிருக்கிறது என்று ஒருமுறைக்கு மேல் சொல்லும்போது, சமாதானம் பேசித் திருப்பி அனுப்புவதோடு சுற்றத்தார் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர் உயிரோடிருக்கும்போது அவர் சொல்லைக் கேட்டிருந்தால், மாண்டபின் அவர் எலும்புகளிடம் கேட்க வேண்டிய நிலை வந்திராது.

இறுதியாக மேரியின் பெற்றோரை எண்ணிப் பார்ப்போம். செல்வாக்குள்ள ஒரு மருத்துவர் வந்து, அவர்கள் மகளின் ஒழுக்கத்தின்மீது பழி சுமத்தினார். ஊர் என்ன பேசுமோ என அஞ்சி அவர்கள் மௌனமாகியிருந்தால், அவளை ஓடிப்போனவள் என்றே உலகம் மறந்திருக்கும். அவர்கள் அவதூறை நம்பவில்லை, மகளை நம்பினர். அந்த நம்பிக்கை காவல்நிலையத்தின் வாசலை மிதித்த பின்னரே, மொஃபட் ஓடையில் பெயரற்றுக் கிடந்தவளுக்குப் பெயர் கிடைத்தது. அந்த இல்லத்தில் ஏழ்மை இருந்தது. ஒட்டுப் போட்ட சட்டையே மகளுக்குக் கொடுக்க முடிந்தது. ஆனால் அந்த ஒட்டு அன்போடு தைக்கப்பட்டிருந்தது. தைத்தவருக்கு அது மறக்கவில்லை.